பெயரை மறைக்கலாம், பொறுப்பை மறைக்கலாமா?



"இணையத்தில் பெயரை மறைத்து எழுதுவதைத் தடை செய்ய வேண்டும்." இந்தத் தலைப்பை வாதக் கட்டுரைக்கோ பட்டிமன்றத்துக்கோ கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் "ஆமாம், தடை செய்யணும்" என்ற பக்கம்தான் நிற்பார்கள். கட்டுரைகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து சேரும். போலிக் கணக்கு தீமை, பகடிவதை பெருகுகிறது, இளைஞர்கள் சீரழிகிறார்கள், அரசு கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான், முடிந்தது.

இப்படி எழுதுவது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் திருத்துபவர் கண்ணில் நிற்காது. இந்தக் கட்டுரையில் பெயர், பொறுப்பு என்ற இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பெயர் தெரிந்துவிட்டால் பொறுப்பு தானாக வந்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கே அது அப்படி இல்லை என்று காட்டுகிறது. அந்த வழக்கை நடுவில் வைத்து இந்தத் தலைப்பைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

முதலில் சொல் தெளிவாக வேண்டும். "பெயரை மறைப்பது" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு செயல்கள் இருக்கின்றன.

ஒன்று, பெயரே இல்லாமல் எழுதுவது. எழுதியவர் பெயரிலி. பழைய மொட்டைக் கடிதம் இந்த வகை. மலாய்க்காரர்கள் இதைச் சூராட் லாயாங், அதாவது பறக்கும் கடிதம் என்பார்கள். இரண்டு மொழியும் ஒரே பொருளை இரண்டு விதமாகப் பார்த்திருக்கின்றன பாருங்கள். தமிழில் அந்தக் கடிதத்துக்குத் தலை இல்லை; மலாயில் அதற்குக் கால் இல்லை.

இரண்டு, புனைபெயரில் எழுதுவது. சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனதும், ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனதும் இந்த வகை. பெயர் வேறாக இருந்தாலும் ஆள் ஒருவர்தான். அந்தப் பெயருக்கு வரும் புகழும் திட்டும் அவரையே சேரும். பதிப்பாளருக்கு ஆளைத் தெரியும், வாசகருக்கு எழுத்தைத் தெரியும்.

மூன்று, இன்னொருவராக நடிப்பது. உங்கள் தோழியின் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு கணக்கைத் திறந்து, அவர் எழுதுவது போல எழுதுவது. இது ஏமாற்று வேலை. முதல் இரண்டோடு இதைச் சேர்த்துப் பேசக்கூடாது.

கட்டுரையின் முன்னுரையிலேயே இந்த மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டால், "இந்த மாணவர் யோசித்து எழுதியிருக்கிறார்" என்ற எண்ணம் திருத்துபவருக்கு அங்கேயே வந்துவிடும்.

இது கைப்பேசியோடு பிறந்த சிக்கலா?

இல்லை. சங்க அக இலக்கியத்தைப் பாருங்கள். காதலர்களைப் பற்றி ஊரார் பேசுவதற்கு அங்கே இரண்டு பெயர்கள் உண்டு. ஒருவருக்கொருவர் காதோடு காதாக முணுமுணுப்பது அம்பல். ஊரறிய வெளிப்பட்டுப் பரவுவது அலர். அலர் தூற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. "ஊர்" பேசுகிறது, "பெண்டிர்" பேசுகிறார்கள். பேசப்படுபவளுக்குத்தான் துன்பம். திருக்குறளிலும் புறங்கூறாமை என ஓர் அதிகாரம் இருக்கிறது, அலரறிவுறுத்தல் என இன்னோர் அதிகாரமும் இருக்கிறது. இன்றைய புலனக் குழுவில் நடப்பதற்கு அம்பல் என்ற சொல்லும், அது பரவிக் காணொலியாக வருவதற்கு அலர் என்ற சொல்லும் இன்றும் பொருந்தும்.

அதே இலக்கியம் பெயரை மறைப்பதன் நல்ல பக்கத்தையும் காட்டுகிறது. அகப்பாடலில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. ஒருவருடைய அந்தரங்க உணர்வைப் பாடும்போது பெயரைக் காத்தார்கள். குறுந்தொகை 40ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பாடலில் அவர் கையாண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். பெயர் மறைந்தது, பாட்டு நின்றது.

ஆக, நம் மரபில் பெயரை மறைப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. மறைந்து நின்று என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் வாய் ஏன் நீளுகிறது?

நேரில் அமைதியாக இருக்கும் பிள்ளை கைப்பேசியில் ஏன் அப்படி எழுதுகிறான்? பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இணையத்தில் மனிதரின் தயக்கம் தளர்ந்துவிடுகிறது என்றார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் மூன்றை மாணவர்கள் எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். நான் யார் என்று தெரியாது என்ற எண்ணம் முதலாவது. எதிரில் இருப்பவரின் முகம் தெரியாமல் இருப்பது இரண்டாவது. நாம் எழுதியதற்கு அவர் அந்த நிமிடமே பதில் சொல்லப்போவதில்லை என்பது மூன்றாவது.

இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். உங்கள் பெயரை மறைத்தால் மட்டும் வாய் நீளும் என்பதில்லை. அடுத்தவர் முகம் மறைந்தாலும் நீளும். சொந்தப் பெயர், சொந்தப் படம் போட்ட முகநூல் கணக்கிலிருந்து எத்தனை பேர் கூசாமல் திட்டுகிறார்கள் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தயக்கம் தளர்வதில் நன்மையும் உண்டு என்று சூலரே சொல்கிறார். நேரில் வாய் திறக்காத ஒருவர் தன் வேதனையை இணையத்தில் சொல்லி உதவி கேட்பதும் இதனால்தான்.

நம் ஊர்க் கண்ணோட்டத்தில் இதையே இப்படிச் சொல்லலாம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பையன் பெரியவரிடம் மரியாதை இல்லாமல் பேசிவிட்டான் என்று வையுங்கள். பக்கத்துக் கடை அண்ணன் சும்மா இருக்க மாட்டார். "டேய், நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். காவல் நிலையமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, அந்த ஒரு கேள்வி போதும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக் கூட்டத்தில்கூட நம்மை அறிந்த கண் ஒன்று எங்காவது இருக்கும். டிக் டோக் நேரலையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் யாரும் இல்லை. அங்கே ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் பக்கத்துக் கடை அண்ணனாக இருப்பதில்லை.

ஈஷா: நாம் மறக்கக்கூடாத வழக்கு

டிக் டோக்கில் ஈஷா என்று அறியப்பட்டவர் ராஜேஸ்வரி. சமூகச் செயல்பாட்டில் இருந்த தமிழ்ப் பெண். இணையத்தில் தொடர்ந்து இழிவுபடுத்தப்பட்டார், மிரட்டப்பட்டார். காவல் துறையில் புகாரும் கொடுத்திருந்தார். 2024 ஜூலை 5ஆம் நாள் கோலாலம்பூரில் உயிரிழந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் தலைப்புக்காக உற்றுப் பார்க்க வேண்டும். அவரைத் தாக்கிய டிக் டோக் கணக்குகள் புனைபெயரில் இயங்கியவை. அந்தப் பெயர்கள் யாரையும் காப்பாற்றவில்லை. அதே ஜூலை மாதத்தில் இருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஒருவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. இன்னொருவருக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் 100 ரிங்கிட் அபராதம்.

ஆமாம், நூறு வெள்ளி. அந்தப் பிரிவில் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமே அவ்வளவுதான். நாடு முழுவதும் கொதித்துப்போனது இந்த எண்ணைக் கேட்டுத்தான்.

இப்போது வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். "இங்கே பெயர் மறைந்திருந்ததா பிரச்சினை?" ஆள் யார் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் செய்த செயலுக்கு ஏற்ற சட்டம் கையில் இல்லை. புகார் கொடுத்தவருக்குக் கேடயமாக நிற்க ஓர் ஏற்பாடு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பல பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடையாளம் தெரிந்தும் பொறுப்பு வந்து சேரவில்லை. நான் மேலே சொன்ன குழப்பம் இதுதான்.

சட்டம் மாறிய கதை

ஈஷாவின் மரணத்துக்குப் பிறகு குற்றவியல் சட்டத்தைத் திருத்த அரசு முன்வந்தது. 2024 டிசம்பரில் மக்களவை ஏற்ற அந்தத் திருத்தம் 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தது. 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. கட்டுரைக்குப் பயன்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

507பி: ஒருவருக்குத் துன்பமோ அச்சமோ உண்டாக்கும் நோக்கத்தோடு மிரட்டியோ இழிவாகவோ பேசினால், எழுதினால், 3 ஆண்டு வரை சிறை.

507டி: அப்படிப்பட்ட தூண்டுதலால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டால் 10 ஆண்டு வரை சிறை.

507இ: துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவருடைய முகவரி, எண் போன்ற அடையாள விவரங்களைப் பரப்பினால் 3 ஆண்டு வரை சிறை.

இதோடு, தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் இருந்த அபராத வரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. சிறைக்காலம் ஓராண்டிலிருந்து இரண்டாண்டானது. இது 2025 பிப்ரவரி 11 முதல் நடப்பில் இருக்கிறது.

சுமை யார் தோளில்?

எழுதியவர் மட்டும்தான் பொறுப்பா? மாணவர்கள் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். பொறுப்புக்கு நான்கு படிகள் இருக்கின்றன.

முதல் படி, எழுதியவர். "யாருக்கு டீச்சர் தெரியப் போகுது?" என்று கேட்கும் மாணவருக்குச் சொல்லுங்கள். கணக்கில் பெயர் இல்லாவிட்டாலும், அது எந்த இணைய இணைப்பிலிருந்து, எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்ற தடம் பதிவாகிறது. சிம் அட்டையை நாம் அடையாள அட்டை காட்டித்தான் வாங்குகிறோம். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். விசாரணை வந்தால் அந்தத் தடம் ஆள்வரை போகக்கூடியது.

இரண்டாம் படி, பகிர்ந்தவர். "நான் எழுதலையே, அனுப்பினது மட்டும்தானே" என்பது ஒரு சமாதானம். அம்பலை அலராக்குபவர் இவர்தான்.

மூன்றாம் படி, இடம் கொடுத்தவர். பள்ளிப் பெயரைச் சொல்லிக்கொண்டு 'கன்ஃபெஷன்' பக்கம் நடத்தும் மாணவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பெயரில்லாமல் எழுதி அனுப்பலாம், நிர்வாகி வெளியிடுவார். முதலில் தேர்வுப் பயம், ஒருதலைக் காதல் என்று வேடிக்கையாகத்தான் போகும். பிறகு ஒரு நாள் ஒரு மாணவியைப் பற்றி ஒரு வரி வரும். "அனுப்பினவன் யாருன்னு எனக்கே தெரியாது" என்று நிர்வாகி கைவிரிக்க முடியுமா? 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று ஒருவருடைய பெயரோ படமோ புனைபெயரோ அந்தப் பக்கத்தில் இருந்தால், வெளியிட்டவர் அவரே என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

இந்தப் பிரிவின் வலிமையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டும் வழக்கு மலேசியாகினி வழக்கு. 2020 ஜூனில் அந்தச் செய்தித் தளத்தில் வாசகர்கள் சிலர் புனைபெயரில் நீதித் துறையைத் தாக்கிக் கருத்து எழுதினார்கள். காவல் துறை தொடர்புகொண்டதும் தளம் அவற்றை நீக்கிவிட்டது. இருந்தும் 2021 பிப்ரவரி 19இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த நிறுவனத்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்த்து 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. தலைமை ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். பொதுமக்கள் நன்கொடை சில மணி நேரத்திலேயே அந்தத் தொகையை எட்டியது. எழுதியவர் திரைக்குப் பின்னால் நின்றபோது சுமை இடம் கொடுத்தவர் தோளுக்கு மாறியது. இது சரியா, பேச்சுரிமையை நெருக்குமா என்று வகுப்பில் இரு பக்கமும் பேச விடுங்கள். நல்ல விவாதம் பிறக்கும்.

நான்காம் படி, பெரிய தளங்கள். நம் நாட்டில் 80 லட்சம் அல்லது அதற்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயம். 2026 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025, உரிமம் பெற்ற தளங்கள் புகார் செய்ய வழி வைக்க வேண்டும், தீங்கான உள்ளடக்கத்தைக் குறைக்க வேண்டும், சிறுவரைக் காக்க வேண்டும் என்கிறது. மீறினால் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகலாம்.

அப்படியென்றால் எல்லாரும் உண்மைப் பெயரில் வந்தால் தீர்ந்ததா?

தென்கொரியா இதைச் செய்து பார்த்துவிட்டது. நாள்தோறும் ஏராளமானோர் வரும் பெரிய தளங்களில் எழுத வேண்டுமானால் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 2007இல் விதி கொண்டுவந்தார்கள். விளைவு என்ன? எல்லாருடைய அடையாள விவரங்களும் தளங்களில் குவிந்தன. 2011இல் ஒரு பெரிய நிறுவனத்தின் தளங்களில் திருட்டு நடந்து, சுமார் 3 கோடியே 50 லட்சம் பேருடைய விவரங்கள் கசிந்தன. 2012 ஆகஸ்ட் 23இல் அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் விதியையே ரத்து செய்தது. பேச்சுரிமை குறைந்ததே தவிர, தீய கருத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று.

கணக்குத் திறப்பவரின் வயதை அடையாள ஆவணம் கொண்டு சரிபார்ப்பது பற்றி நம் நாட்டிலும் பேச்சு எழுந்திருக்கிறது. ஆகவே இந்த எடுத்துக்காட்டு நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெயரைச் சொன்னால் ஆபத்து வரும் என்ற நிலையில் இருப்பவர்கள் யார்? வீட்டில் அடி வாங்கும் பிள்ளை. அலுவலகத்தில் ஊழலைப் பார்த்துவிட்ட எழுத்தர். பகடிவதைக் கும்பலைப் பற்றி ஆலோசக ஆசிரியரிடம் சொல்ல நினைக்கும் படிவம் இரண்டு மாணவன். 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் எப்படிச் செயல்படுகிறது என்று பாருங்கள். முறைகேட்டை அமலாக்கத் துறையிடம் சொன்னவரின் பெயர் துறைக்குத் தெரியும், வெளியே விடக்கூடாது. பெயரும் காக்கப்படுகிறது, பொறுப்பும் நிற்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

கட்டுரையில் எப்படிக் கட்டுவது?

முன்னுரை: பெயரிலி, புனைபெயர், ஆள்மாறாட்டம் மூன்றையும் பிரித்து உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

கருத்து 1: தயக்கம் தளர்வது ஏன்? சூலரின் விளக்கம், அம்பல்-அலர்.

கருத்து 2: ஈஷா வழக்கு. 100 ரிங்கிட், அதன் பிறகு வந்த 507பி முதலிய பிரிவுகள்.

கருத்து 3: பொறுப்பின் நான்கு படிகள். 114ஏ பிரிவு, மலேசியாகினி வழக்கு.

மறுப்புக் கருத்து: உண்மைப் பெயர் கட்டாயம் என்பார்க்குத் தென்கொரியா விடை.

முடிவுரை: யாரைக் காக்கப் பெயர் மறைகிறது, யாரைத் தாக்கப் பெயர் மறைகிறது என்ற அளவுகோலோடு முடியுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. பிரிவு எண் உறுதியாக நினைவில்லை என்றால் எண்ணை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் எழுதுங்கள். தவறான எண் நல்ல கருத்தையும் கெடுக்கும்.

சொல்வளம்

பெயரிலி, புனைபெயர், ஆள்மாறாட்டம், மொட்டைக் கடிதம், பகடிவதை, அவதூறு, அலர் தூற்றுதல், பொறுப்புடைமை, அந்தரங்கம், தடம், கைவிரித்தல்.

சிந்திக்க

1. புலனக் குழுவில் ஒருவரை இழிவுபடுத்தும் படம் வருகிறது. நீங்கள் நிர்வாகி. முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?

2. "பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பொறுப்பு உண்டு." ஏற்கிறீர்களா? காரணம் தருக.

3. பெயரை வெளியிடாமல் புகார் கொடுக்க உங்கள் பள்ளியில் வழி இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றைத் திட்டமிட்டுத் தலைமையாசிரியருக்கு முறையான கடிதம் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈஷா வழக்கை வகுப்பில் பேசும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இப்போதே இப்படி ஒரு தொல்லையில் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று செய்தி போய்ச் சேர வேண்டும். வந்ததை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. நீயும் திருப்பித் திட்டாதே. உடனே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். தாலியான் காசே 15999, மனநல உதவிக்கான தாலியான் ஹீல் 15555 ஆகிய இரண்டு எண்களையும் பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம்.